திண்ணைப் பள்ளிக் கதைகள்: வாசிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் முகப்புத் திண்ணையில் சனிக்கிழமை மாலைதோறும் கூடிக் கதை வாசிக்கிறோம். பெரும்பாலும் பள்ளிக்கூடக் கதைகள். அந்தக் காலத்துக் கிராமம், ஒரே வாத்தியார், ஒரே இடம், ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை கலந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். பேரப்பிள்ளைகளைக் கூட்டி வரும் ஆச்சிகளும், வேலை முடிந்து வரும் இளைஞர்களும், சில ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். தேவகோட்டைப் பக்கம் ஒரு சிற்றூரில் ஒன்பது ஆண்டுகள் ஓராசிரியர் பள்ளியில் இருந்தவன். அந்தப் பிரியம் பதில்களில் தெரியத்தான் செய்யும்.

ஓரறைப் பள்ளி, ஓராசிரியர் பள்ளி, திண்ணைப் பள்ளி: எல்லாம் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் உறவு. திண்ணைப் பள்ளிக்கு அறையே கிடையாது. ஊர்க்காரர் ஒருவர் வீட்டுத் திண்ணையோ, கோயில் மண்டபமோ, மரத்தடியோ போதும். ஊர்க்காரர்கள் கொடுப்பதை வைத்து வாத்தியார் நடத்தியது. அரசாங்கமோ ஜில்லா போர்டோ நடத்திய ஓராசிரியர் பள்ளி பிறகு வந்தது. கட்டடம், வருகைப் பதிவேடு, கரும்பலகை, ஆய்வுக்கு வரும் இன்ஸ்பெக்டர் எல்லாம் அதில் உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையான காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் குக்கிராமங்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. ஓரறைப் பள்ளி என்று அமெரிக்க, கனடாக் கதைகளில் வருவது வேறு நாட்டு ஏற்பாடு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றிலும் கதையை நடத்துவது ஒரே சிக்கல்தான்: ஓர் ஆள், பல வயது, ஒரே நேரம்.

பெரிய சம்பவம் எதுவும் நடக்காத கதையை ஏன் படிக்க வேண்டும்?

கொலை, துரத்தல், சதி எதுவும் இந்தக் கதைகளில் இருக்காது. ஒரு பிள்ளைக்கு 'ழ' வரவில்லை, கடைசிப் பக்கத்தில் வருகிறது. ஒருவனுடைய எழுத்தாணி தொலைந்து போகிறது. வாத்தியாருக்கு மூன்று நாள் காய்ச்சல், பெரிய பையன் பள்ளியை நடத்துகிறான். இவ்வளவுதான் நடக்கும்.

என் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு தரையில் எழுதிக்கொண்டிருக்கும். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும். ஐந்தாம் வகுப்பு தானாகப் பாடத்தைப் பார்த்து எழுதும். நான் இரண்டாம் வகுப்போடு இருப்பேன். அப்போது கவனித்தது ஒன்று உண்டு. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஐந்தாம் வகுப்புப் பாட்டைக் காதில் வாங்கி மனப்பாடம் செய்துவிடும். மூன்று ஆண்டு கழித்துச் சொல்லிக் கொடுக்கப் போனால், 'இது எனக்குத் தெரியுமே சார்' என்று முகம் மலரும். அந்த மலர்ச்சியை எந்த அறிக்கையிலும் எழுத முடியாது. கதையில்தான் எழுத முடியும். நல்ல எழுத்தாளர் கையில் அது இரண்டு பக்கத்துக்கு நீளும். ஒரு வரிகூட அலுக்காது.

திண்ணைப் பள்ளியில் ஒரு நாள் எப்படி இருந்தது? தெரிந்தால் கதை நன்றாகப் புரியும்.

விடிந்தும் விடியாத நேரத்தில் பள்ளி தொடங்கிவிடும். யார் முதலில் வந்தார் என்பது பெரிய விஷயம். 1823-ல் பல்லாரிக் கலெக்டராக இருந்த கேம்பெல் தம் ஜில்லாப் பள்ளிகளைப் பற்றி அனுப்பிய அறிக்கையில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழியம். புகழ்ச்சியும் இல்லை, இகழ்ச்சியும் இல்லை. மூன்றாவது பிள்ளைக்கு மெதுவாக ஓர் அடி, நான்காவதுக்கு இரண்டு, அப்புறம் வரவர ஒவ்வொன்று கூடும். முப்பதாவதாக வரும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் இதை வாசித்த அன்று ஒரு சிறுமி எழுந்து, 'அந்தக் கடைசிப் பிள்ளை வீட்டில் தம்பியைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கும்' என்றாள். ஒரு கதைக்கான விதை அது.

எழுத்து மணலில் தொடங்கும். பரப்பிய மணலில் விரலால் 'அ' எழுதி, அழித்து, மறுபடி எழுதி, கை படிந்த பிறகுதான் ஓலை. ஓலையில் எழுத்தாணியால் கீறுவது எளிதில்லை. அழுத்தினால் கிழியும், அழுத்தாவிட்டால் தெரியாது. கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய மஞ்சளும் கரியும் இலைச்சாறும் சேர்த்துப் பூசுவார்கள். சுவடிகளைக் கயிற்றில் தொங்கவிட்டு வைப்பார்கள். சிலேட்டும் பலப்பமும் பிறகு வந்தவை. சிலேட்டைக் கருப்பாக்கக் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துத் தேய்த்த நினைவு இங்கே அறுபது வயதைத் தாண்டிய பலருக்கு இன்னும் இருக்கிறது.

பாடம்: அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி, பிறகு செய்யுளில் சொற்பொருள் சொல்லும் நிகண்டு. கணக்குக்கு எண்சுவடி. முதலில் எல்லாமே வாயால்தான். பொருள் பிறகு வரும். மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். இந்த முறை கடல் கடந்தது. எழும்பூரில் இராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியைக் கவனித்துவந்த ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் பின்பற்றினார். மாணவரை வைத்தே மாணவருக்குக் கற்பித்தார். 1797-ல் இங்கிலாந்தில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அங்கே அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர் வந்தது.

நான் மிகவும் விரும்புவது உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கும் ஒரு பழக்கம். வீட்டுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார்கள். திரும்பி வரும்போது மறக்காமல் சொல்ல வேண்டும். நாங்களும் செய்து பார்க்கிறோம். சனிக்கிழமை 'செம்பருத்தி' வாங்கிப் போன பையன் அடுத்த சனிக்கிழமை படியேறும்போதே 'செம்பருத்தி!' என்று கத்திக்கொண்டு வருகிறான்.

கதையில் 'முந்திரி', 'மாகாணி' என்று வருகிறது. என் பிள்ளைகள் முந்திரிப்பருப்பு என்று நினைக்கிறார்கள்.

நிறையப் பேர் கேட்பது. அவை பின்னங்களின் பெயர்கள். காலில் பாதி அரைக்கால். அரைக்காலில் பாதி மாகாணி. வீசம் என்றும் சொல்வார்கள், பதினாறில் ஒன்று. இன்னொரு வழியில் போனால், இருபதில் ஒன்று மா, மாவில் நாலில் ஒன்று காணி, காணியில் நாலில் ஒன்று முந்திரி. அப்படியானால் முந்திரி 320-ல் ஒன்று. அந்த முந்திரியையும் 320 கூறு போட்டால் கீழ்முந்திரி. எட்டு வயதுப் பிள்ளை இதையெல்லாம் பாட்டாகச் சொல்லும்.

இது ஏட்டுக் கணக்கோடு நின்றதில்லை. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலம். ஆகவே வீசம் ரூபாய் என்றால் ஓர் அணா. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ல்தான். அதற்கு முன் வளர்ந்த நம் ஐயாக்கள் காகிதமில்லாமல் வட்டி சொல்வார்கள் என்றால் அடித்தளம் எண்சுவடிதான். கதை வாசிக்கும்போது ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அரை, கால், அரைக்கால், மாகாணி என்று நறுக்கிக் காட்டுங்கள். மாகாணிக்கு மேல் கத்தி போகாது. முந்திரி எவ்வளவு சிறியது என்று அப்போதே புரிந்துவிடும்.

செட்டிநாட்டுப் பள்ளிக் கதை என்றால் அதில் தனியாக என்ன இருக்க வேண்டும்?

கப்பல் இருக்க வேண்டும்.

செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் வீட்டுப் பையன் எண்சுவடி முடித்துக் கையெழுத்து திருந்தியதும் 'கொண்டுவிக்க', அதாவது கடல் கடந்து வணிகம் பார்க்க, அனுப்பிவிடுவார்கள். ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று எங்கே கடை இருக்கிறதோ அங்கே. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் கடைசி நிலை எடுபிடியாக, சேர்வான். கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் தங்கி, மேலாள் சொன்னதைச் செய்து, குறிப்பு எழுதி, பேரேடு பார்க்கப் பழகி, வரவு செலவு இருப்பை முடித்துக் காட்டும் ஐந்தொகை போடுவது வரை படிப்படியாக ஏற வேண்டும். திண்ணையில் கற்ற மாகாணிக் கணக்கு அங்கே உயிரோடு இருக்கும். இங்கே திண்ணையில் நேற்று வரை அவன் உட்கார்ந்த இடம் காலியாக இருக்கும். அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பையன் அந்த இடத்தைப் பார்ப்பதில் கதை இருக்கிறது. வீட்டில் அவன் ஆத்தா கடிதத்துக்குக் காத்திருப்பதில் இன்னொரு கதை. எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவுக்குக் கடிதத்தைப் படித்துச் சொல்லப் போவது யார்? பல வீடுகளில் அதே திண்ணைப் பள்ளியின் இன்னொரு பையன்தான். 'அப்பச்சி நலமா' என்ற வரியைப் படிக்கும்போது அந்தப் பையனுக்கு என்ன தோன்றியிருக்கும்? இப்படி ஒரு காட்சியை யாராவது எழுத வேண்டும் என்று பல நாளாக ஆசைப்படுகிறேன்.

பள்ளியில் சில மாதங்கள் மட்டுமே படித்தவர் பெரும்புலவராக வந்ததும் இந்த மண்ணில்தான். மகிபாலன்பட்டியில் 1881-ல் பிறந்த பண்டிதமணி மு.கதிரேசச் செட்டியார் திண்ணைப் பள்ளியில் இருந்தது கொஞ்ச காலம். சிறு வயதிலேயே வணிகத்துக்காக இலங்கை போனார். பிறகு தாமாகவே தமிழும் வடமொழியும் கற்று, மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தார்.

நவராத்திரியையும் விடக் கூடாது. பிள்ளைகள் கோலாட்டக் கோலோடு வாத்தியாருடன் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அப்போது கிடைப்பது வாத்தியாரின் வருமானத்தில் முக்கியமான பங்கு. விஜயதசமியில் புதுப் பிள்ளைகள் சேர்வார்கள்.

கோதண்டமும் பிரம்படியும் இருந்த இடத்தை இதமாக எழுதுவது பொய்யில்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் மதிக்கிறேன். பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம், காலில் கட்டை பூட்டுவது, குட்டு, தோப்புக்கரணம் எல்லாம் உண்மை. அவற்றை மறைத்து வாத்தியாரைப் புன்னகைத் திருமேனியாக மட்டும் காட்டும் கதையை நான் கூட்டத்தில் எடுப்பதில்லை. இதமான கதை என்றால் அடி விழாத கதை என்று அர்த்தமில்லை. அடி விழுந்த பிறகு என்ன ஆயிற்று என்பதில் நிற்கும் கதை அது. பக்கத்தில் இருந்தவன் ஊதிவிட்டானா? வாத்தியார் வீட்டம்மா மோர் கொடுத்தாரா? அடித்தவர் இரவு தூங்கினாரா? இதையெல்லாம் நின்று பார்க்கிற எழுத்தாளர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் திண்ணையில் எல்லாப் பிள்ளைகளும் உட்கார முடிந்ததா?

முடியவில்லை. தலித் பிள்ளைகளைத் திண்ணையில் ஏறவிடவில்லை. பெண்பிள்ளைகள் மிகக் குறைவு. 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826-ல் அவர் தொகுத்துச் சொன்னபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று வந்தது. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று பார்த்தால் பெருமைப்பட இடமுண்டு. ஆனால் அந்த ஆயிரத்தில் எந்தத் தெருவுக்குப் பள்ளியில் இடமில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மாடு மேய்த்துக்கொண்டு தெருவில் நின்று, திண்ணையிலிருந்து வரும் 'அறஞ்செய விரும்பு' சத்தத்தைக் கேட்ட பிள்ளை கதையில் வருகிறதா என்று நான் தேடுவேன். வந்தால் அந்தக் கதையை இரண்டு முறை வாசிப்போம். வராவிட்டால் வாசித்து முடித்ததும், 'இந்தக் கதையில் யார் இல்லை?' என்று பிள்ளைகளிடம் கேட்பேன். அவர்கள் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள்.

1956-ல் மதிய உணவுத் திட்டம் வந்த பிறகான ஓராசிரியர் பள்ளிக் கதைகள் எனக்கு இன்னும் நெருக்கம். எல்லாத் தெருப் பிள்ளையும் ஒரே வரிசையில் தட்டோடு உட்கார்ந்ததும், அதற்கு எதிர்ப்பு வந்ததும், எதிர்த்தவர் வீட்டுப் பிள்ளையே பசியில் வந்து உட்கார்ந்ததும் இன்னும் போதுமான அளவு எழுதப்படவில்லை.

அமெரிக்க ஓரறைப் பள்ளிக் கதைகள் நமக்கு ஒட்டுமா?

ஒட்டும், சில விஷயம் தெரிந்திருந்தால். அங்கே எட்டு வகுப்பும் ஒரே மரக் கட்டடத்தில். நடுவில் விறகு அடுப்பு. பக்கத்தில் உட்கார்ந்தவர் வேகும், சுவரோரம் உட்கார்ந்தவர் உறையும். பெரிய பையன்கள் பனிக்காலத்தில்தான் அதிகம் வருவார்கள். மற்ற நாளில் வயலில் வேலை. ஆசிரியை பல நேரம் இருபது வயதுகூட ஆகாத பெண். மாணவர் வீடுகளில் மாறி மாறித் தங்கிச் சாப்பிடும் வழக்கமும் இருந்தது. வெள்ளிக்கிழமை எழுத்துக்கூட்டல் போட்டி நடந்தால் ஊரே வந்து உட்காரும்.

எங்கள் ஆச்சிகளுக்குப் பனி புரியவில்லை. ஆனால் வீடு வீடாகச் சாப்பிட்ட ஆசிரியை உடனே புரிந்தார். 'நம்ம வாத்தியாருக்கு நெல் அளந்த மாதிரி' என்றார் ஒருவர்.

கதையில் காலப்பிழை இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

சில அடையாளங்கள் சொல்கிறேன். பழைய திண்ணைப் பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று எழுதியிருந்தால் எழுத்தாளர் அவசரப்பட்டிருக்கிறார். லீவு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும். ஓலைச்சுவடிக் காலத்துப் பிள்ளை 'நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினான்' என்று வந்தாலும் அப்படியே. 1820-ல் நடக்கும் செட்டிநாட்டுக் கதையில் பர்மாத் தேக்குத் தூணும் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் மின்னினால் நிறுத்திவிட்டு யோசியுங்கள். ரங்கூன் ஆங்கிலேயர் கையில் நிலைத்தது 1852-ல். இன்று நாம் பார்க்கும் பெரிய வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தவை. ஆத்தங்குடிக் கல் இன்னும் பிந்தியது.

சின்னப் பிழைக்காகக் கதையைத் தூக்கிப் போட வேண்டாம்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

ஐந்து வயதில், மடியில் வைத்து. தனியாகப் படிக்க ஒன்பது பத்து. சத்தம் போட்டு வாசியுங்கள். இந்தக் கதைகளில் பாதி ஓசைதான். இராயவரத்தில் 1922-ல் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ.வள்ளியப்பாவின் ஊர்க்காரர்கள் நாம். ஓசை இருந்தால் பிள்ளை பின்னால் வரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய அரிச்சுவடி, எண்சுவடியை நேரில் பார்க்க முடியுமா?

முடியும். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் 1992-ல் அவர் மறைந்த பிறகு சென்னைக்குப் போய், இன்று தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. வீட்டிலிருந்தே பார்க்கத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. அதற்கு முன் உங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அலமாரியையும் மரப்பெட்டியையும் ஒரு முறை திறந்து பாருங்கள். ஓலை கிடைத்தால் துடைக்கவோ எண்ணெய் பூசவோ வேண்டாம். தெரிந்தவரிடம் காட்டும் வரை அப்படியே வைத்திருங்கள்.

எங்கள் ஆயா (பாட்டி) சொல்லும் பள்ளிக்கூட நினைவுகளைக் கதையாக எழுதலாமா?

இந்த வாரமே தொடங்குங்கள். 'உங்க காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?' என்று கேட்காதீர்கள். 'நல்லா இருந்துச்சு' என்று முடிந்துவிடும். சின்னதாகக் கேளுங்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? தண்ணீர் தவித்தால் எங்கே போவீர்கள்? மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? வாத்தியாருக்குப் பிடித்த பிள்ளை யார்?

நான் ஓர் ஆச்சியிடம், 'எழுதுற மணல் எங்கேருந்து வரும்?' என்று மட்டும் கேட்டேன். அவருக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: ஊருணிக் கரையிலிருந்து பையன்கள் கூடையில் அள்ளி வருவார்கள், வாத்தியார் வீட்டம்மா சல்லடையில் சலித்து, கல் பொறுக்கி, வெயிலில் காயப் போடுவார், காய்ந்த மணலுக்குக் காவல் தன் வேலை. ஆறு வயதுப் பெண்பிள்ளை. பள்ளியில் சேர்க்கவில்லை. கோழி வராமல் குச்சியோடு மணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திண்ணையில் பையன்கள் சொல்லச் சொல்ல, அந்தக் குச்சியாலேயே மணலின் ஓரத்தில் எழுதிப் பார்த்து, யாரும் வருவதற்குள் கையால் தடவி அழித்துவிடுவாராம்.

'எந்த எழுத்து வரைக்கும் ஆச்சி வந்தீங்க?' என்று கேட்டேன்.

'எல்லாம்' என்றார்.